ஷ்டம்டிஷில் ஒரு நாற்காலி

அக்டோபர் 5, வியாழன்

வடக்கு ஜெர்மனியிலிருந்து தெற்கே இந்த பவேரியக் கிராமத்துக்கு மாட்டு டாக்டராக வந்து ஒரு மாதமாகிறது. இன்றுதான் வால்புர்காவின் விடுதிக்குச் சாப்பிடப் போனேன். அடுப்போரம் பெரிய மேசை காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். அவ்வளவுதான், பேச்சுச் சத்தமே நின்றுவிட்டது. வால்புர்கா ஓடி வந்தாள்.

"டாக்டரம்மா, எந்திரிங்க! அது ஷ்டம்டிஷ்!"

"யாருமே இல்லையே?"

"ஆள் இல்லேன்னா என்ன? அது அவங்க மேசைதான்."

பெயர்ப்பலகை வேறு இருந்திருக்கிறது. அதன் மேலேயே என் கோட்டைப் போட்டிருக்கிறேன்! கழிப்பறைப் பக்கத்து மேசையில் சூப் குடித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 8

தெரிந்த சொல்தான், இருந்தாலும் அகராதியைப் புரட்டினேன். 'டிஷ்' மேசை. 'ஷ்டம்' அடிமரம், அதிலிருந்து குலம், பிறகு, விடாமல் ஒரே கடைக்கு வருகிறவர்கள். அந்த மேசையும் ஷ்டம்டிஷ், அதில் உட்காருகிறவர்களும் ஷ்டம்டிஷ், அவர்கள் கூடும் மாலையும் ஷ்டம்டிஷ். எதிலும் நான் இல்லை. பொறாமையாக இருக்கிறது. பசுக்களோடு மட்டுமே எத்தனை நாள் பேசுவது?

அக்டோபர் 26, வியாழன்

விடுதியில் ஷ்டம்டிஷிலிருந்து எழுந்து தச்சர் கொர்பீனியன் நேராக என்னிடம் வந்தார். "சீட்டாடத் தெரியுமா? செவரின் இடுப்பு ஆபரேஷனுக்குப் போயிட்டான். ஒரு கை குறையுது."

"தெரியும்" என்றேன். எனக்குத் தெரிந்தது எங்கள் வடக்கு ஜெர்மனி ஆட்டம், இங்கே ஆடுவது வேறு! படுதோல்வி.

"கன்னுக்குட்டிகூட இதவிட நல்லா ஆடும். அடுத்த வாரமும் வாங்க, தோக்க ஆள் வேணும்."

நவம்பர் 9

ஒரு ஆட்டம் ஜெயித்தேன்!!

நவம்பர் 23, வியாழன்

அடுத்த வாரம் செவரின் வருகிறாராம். எல்லோருக்கும் ஒரே குஷி. நாலு பேர் ஆட்டம், அவருடைய நாற்காலி. என்னை யாரும் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 30

போகவில்லை. வீட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். ஒரு மேசைக்காக யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

டிசம்பர் 1, வெள்ளி

காலையிலேயே கொர்பீனியன் போன். மாடு கன்று போடத் திணறுகிறதோ என்று பையைத் தூக்கிவிட்டேன்.

"மாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நேத்து எங்க போனீங்க?"

"செவரின்தான் வந்துட்டாரே..."

"வந்தா? அஞ்சு பேர் இருந்தா சீட்டுப் போடறவன் ஒரு ஆட்டம் சும்மா இருப்பான். அது கிடக்கட்டும். வரலேன்னா முன்னாடியே சொல்லணும்னு தெரியாது? சொல்லாம நின்னா எல்லாருக்கும் பீர் உங்க செலவு. இங்க எல்லாருக்கும் அதான் சட்டம்!"

கத்திவிட்டு வைத்துவிட்டார். விருந்தாளிக்கு யாரும் அபராதம் போடமாட்டார்கள், இல்லையா?

டிசம்பர் 7, வியாழன்

அபராதம் கட்டினேன். செவரின் வேண்டுமென்றே பெரிய கோப்பையாகக் கேட்டார்.