தமிழ்ல சொல்லுங்க சார், காலி பண்றோம்

இன்று அடையாறில் ஒரு வீடு பார்க்கப் போனேன். லிஃப்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தியதும் கண்ணெதிரே ஒட்டியிருந்த அறிவிப்பில் அந்த வார்த்தை. டிபாச்சரி! அதே இங்கிலீஷ், அதே கொட்டை எழுத்து. தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். போனை எடுத்துப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போனேன். உன் பெயரைத் தொட்ட பிறகுதான் உறைத்தது, அந்த நம்பர் இப்போது உன் தம்பியிடம் இருக்கிறது. அவனுக்கு அனுப்பி என்னவென்று விளக்குவது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் நாம் இருந்தது எட்டே வீடுகள் கொண்ட பழைய கட்டிடம். நீ ஆஸ்பத்திரி லேபில் இரவு ஷிஃப்ட். விடிந்ததும் உன்னோடு வேலை பார்த்த பஷீர் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். நான் ஆபீசுக்குக் கிளம்பும் முன் மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடிப்போம். ஊசியைப் பார்த்ததும் சாமி பெயரையெல்லாம் சொல்லி அலறிய தடியனை நீ நடித்துக் காட்டுவாய். நமது ஒழுக்கக்கேடு மொத்தமும் இவ்வளவுதான். வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தால் தப்பாகப் பேசுவார்கள் என்று பயந்துதானே படிக்கட்டில் உட்கார்ந்தோம்? எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார்ந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நம்பினோமே, எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாம்!

வாட்ச்மேனிடம் பஷீரின் பெயரை யாரோ விசாரித்தார்கள். அடுத்த வாரம் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஏறியது. டிபாச்சரியில் ஈடுபடும் குடித்தனக்காரர்கள் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எந்த வீடு என்று இல்லை. தேவையும் இல்லை, மற்ற ஏழு வீட்டிலும் குடும்பங்கள்.

நான் அழுதேன். அந்த வீடு போனால் நான் ஊருக்குத் திரும்ப வேண்டும், அங்கே அப்பா ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். நீயோ ஏதோ பரிசு விழுந்த மாதிரி குதித்தாய்.

"மச்சி, இன்னா வார்த்தைடி இது! இதைப் பண்றதுக்கே தனியா கோர்ஸ் படிக்கணும் போல கீது."

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு அசோசியேஷன் கூட்டம். குடித்தனக்காரர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. தண்ணீர் லாரி, குப்பை எல்லாம் பேசி முடித்து செகரட்டரி எழுந்தபோது நீ கை தூக்கினாய்.

"சார், நோட்டீஸ்ல போட்டுகீறீங்களே, அதுக்கு இன்னா சார் அர்த்தம்?"

"டிக்‌ஷனரியைப் பாரும்மா."

"பார்த்துட்டேன் சார். குடி, கூத்து, கண்டவங்களோட படுக்கறதுன்னு போட்டுகீது. இதுல நாங்க எதைப் பண்ணோம்? இதோ எல்லாரும் கீறாங்க. தமிழ்ல சொல்லுங்க சார், இன்னிக்கே காலி பண்றோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொம்மனாட்டிகள்லாம் உட்கார்ந்துண்டிருக்கா. அதையெல்லாம் வாயால சொல்ல முடியுமா?"

"வாயால சொல்ல முடியாததை எப்படி சார் எழுதி ஒட்டினீங்க?"

அப்போது முன்வரிசையிலிருந்து அவருடைய மனைவி, நம் கீழ்வீட்டு மாமி, திரும்பாமலே கேட்டார். "ஏன்னா, குடியும் கூத்தும்னுதானே இந்தப் பொண்ணு சொல்றா? சனிக்கிழமையானா மொட்டை மாடில நீங்கள்லாம் கூடிண்டு பண்றேளே, அதுக்கு வேற வார்த்தை இருக்கோ?"

முதலில் சிரித்தது வாட்ச்மேன். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. செகரட்டரி சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மாலைக்குள் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் வெறும் சுவர். படியேறும்போது நான் உன்னைத் தூக்கிச் சுற்றினேன், நீ கத்தினாய், யாரும் கதவைத் திறந்து முறைக்கவில்லை.

அந்த வார்த்தையின் அர்த்தத்தை அகராதி சொல்லிவிடும். புழக்கத்தை நீதான் எனக்குக் காட்டினாய். வாய்கூசும் பழியை இங்கிலீஷில் சொன்னால் சொன்னவன் வாய் சுத்தமாகவே இருக்கும் என்று இந்த ஊர் நம்புகிறது. அது எப்போதும் மேலிருந்து கீழேதான் விழும், சொந்த வீட்டுக்காரர் குடித்தனக்காரரைச் சொல்வார், ஒருநாளும் திரும்பிப் போகாது. என் ஆபீசில் பெண்களின் தோளில் கை போடாமல் பேசவே தெரியாத மேனேஜருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'ஜாலி டைப்'. அவருக்கும் இங்கிலீஷ்தான். ஆனால் எவ்வளவு மெத்தென்ற இங்கிலீஷ்!

நாம் ஜெயித்துவிட்டோம் என்று எழுதினால் பொய். இரண்டு மாதம் கழித்து ஓனர் போன் செய்தார். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, வீடு வேண்டும் என்றார். ரொம்பவே மரியாதையாகப் பேசினார். அவருக்குப் பெண்ணே இல்லை என்று வாட்ச்மேன் சொன்னார். நான் கொதித்துப் போனேன். உனக்கு அதிலும் குஷி.

"பாரு மச்சி, இப்ப அவங்க நம்மகிட்ட பொய் சொல்ல வேண்டியதா பூச்சு!"

சைதாப்பேட்டையில் வேறு வீடு பிடித்தோம். ஊருக்குப் போகாமல் தப்பித்தேன். அந்த வீட்டில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, நீ போய்விட்டாய்.

சிந்தாதிரிப்பேட்டையில் உங்கள் வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தபோது பஷீர் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். "நான் உள்ள வந்தா அவளைப் பத்திப் பேசுவாங்க" என்றான். அங்கே அந்த இங்கிலீஷ் வார்த்தை ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே அது வேலை செய்துகொண்டிருந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே வந்தேன். உன் பெரியம்மா, "யாருடி அது?" என்று கேட்டார். "அவளோட ஃப்ரெண்டு" என்றேன். வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பெரியம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

இன்றைய கதைக்கு வருகிறேன். அடையாறு ஓனர் ஆன்ட்டி வீட்டைச் சுற்றிக் காட்டினார். நல்ல வெளிச்சம், சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறது. கடைசியில் எல்லோரும் கேட்பதைக் கேட்டார்.

"ஜென்ட்ஸ் யாரும் வர மாட்டாங்கல்ல?"

இதுவரை போன வீட்டிலெல்லாம் நான் தலையைக் குனிந்து, வர மாட்டாங்க ஆன்ட்டி என்று சொல்லியிருக்கிறேன். இன்று வாய் வேறு மாதிரி திறந்தது.

"வருவாங்க ஆன்ட்டி. பஷீர்னு ஒரு ஃப்ரெண்டு. ஞாயித்துக்கிழமை வருவார். வீட்டுக்குள்ளதான் உட்காருவார், டீ குடிப்பார், போவார். லிஃப்ட்ல ஒட்டியிருக்கறது இதைத்தான் சொல்லுதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "லிஃப்ட்ல என்ன ஒட்டியிருக்கு? நான் அதைப் படிச்சதே இல்லையே" என்றார். பிறகு, தன் கணவரிடம் கேட்டுவிட்டுச் சாயங்காலம் போன் பண்ணுவதாகச் சொன்னார்.

இப்போது அடையாறு டிப்போவில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். போன் இன்னும் வரவில்லை. வராமலே போகலாம், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் குரலைத் தாழ்த்தாமல் பதில் சொன்னேன்டி! எல்லாவற்றையும் தமிழில், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேசும்போது கை நடுங்கியது. துப்பட்டாவில் சுருட்டி வைத்துக்கொண்டேன். அன்று கூட்டத்தில் நீ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பேசினாய், திமிர் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன். உனக்கும் நடுங்கியதா?