ஒரு காலித் தோட்டா குறைகிறது

போடி மலை
7-1-1978

மாப்பிள்ளை சிகாமணிக்கு,

நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்கமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவன் மலையேறி என்னைப் பார்க்காமலே போய்விட்டாய். உன் அக்கா கிருபாவதியைச் சந்தையில் பார்த்தேன். "தம்பி போலீஸ் உடுப்போடதான் கோயிலுக்கு வந்தான், பாதிரியாரே எந்திரிச்சு நின்னுட்டாக" என்று சிரித்தார். அந்த உடுப்பை எனக்கும் காட்டியிருக்கலாம்.

ஒரு செய்தி. எங்கள் ஏலத்தோட்ட முதலாளியின் துப்பாக்கி லைசன்ஸில் என் பெயரும் ஏறிவிட்டது. ரிட்டெய்னர் என்று பெயர். துப்பாக்கி அவருடையது, லைசன்ஸ் அவருடையது, தூக்கித் திரிவது மட்டும் நான். எங்கள் அப்பாவும் அவர் நிலத்தில் இப்படித்தான் உழுதார். ஆனால் கையில் வாங்கியதும் அதெல்லாம் மறந்துபோனது, பொய் சொல்வானேன். .315 ரைபிள். நூறு கஜத்தில் விரற்கடை இடது பக்கம் தள்ளுகிறது. அது தெரிந்துவிட்டால் போதும், காட்டுப்பன்றி தப்பாது.

சின்ன முதலாளி .32 பிஸ்டல் வைத்திருக்கிறார். வெளிநாட்டுச் சரக்கு, பளபளப்பு. நாலு குண்டுக்கு ஒருமுறை தொண்டையில் முள் சிக்கியதுபோல் நின்றுவிடும். அவர் அதை உதறுவார், நாங்கள் தரையில் படுப்போம்.

வைகை அணை என்.சி.சி. கேம்பில் தொடங்கிய சண்டையை இன்றோடு முடிப்போம். ரைபிள்தான். படுக்க வேண்டும், மூச்சை அடக்க வேண்டும், யோசிக்க வேண்டும். யோசிக்க நேரம் கொடுக்கிற ஆயுதம் அது ஒன்றுதான். இன்னும் ரிவால்வர் என்றுதான் சொல்கிறாயா?

உன்
சீனி


லோயர் கேம்ப்
22-1-1978

அன்பு மச்சான் சீனிச்சாமிக்கு,

மலையேறாதது தப்புதான், திட்டிக்கொள். லீவு இரண்டே நாள். ஜெபராணிக்கு ஐந்து மாதம். அவளைவிட்டு நகர முடியவில்லை. இப்போது இங்கே மின்நிலையத்தில் பாரா. நாள் முழுக்கத் தண்ணீர் இரைச்சல். காதுக்குள் கொசு குடியிருப்பதுபோல் இருக்கிறது.

ரிவால்வர்தான் மச்சான். எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் டீக்கடையில் உட்காரும்போது இடுப்பு உறையை முன்னால் தள்ளிவிட்டு உட்காருவார். கடைக்காரன் காசு கேட்கமாட்டான். நான் போலீஸ் .303 ரைபிளைச் சுமந்து அதே கடை வாசலில் நின்றால், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, யாவாரம் மறைக்குது" என்கிறான். ரைபிள் சுமப்பவன் கூலி. நீ சுமந்தாலும் அதுதான், நான் சுமந்தாலும் அதுதான்.

இன்னொன்று. சுட்ட பிறகு ரிவால்வர் காலித் தோட்டாவைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ரைபிள் வெளியே துப்பிவிடும், நாம் குனிந்து பொறுக்க வேண்டும். எத்தனை வாங்கினோமோ அத்தனையும் திரும்பக் கொடுக்க வேண்டும், நல்லதாகவோ காலியாகவோ. ஒன்று குறைந்தால் விசாரணை. கேம்பில் என்னுடையது ஒன்று குறைந்தபோது முழு பிளட்டூனையும் முட்டிபோட்டுத் தேட வைத்தார்களே, நினைவிருக்கிறதா? நீதான் கள்ளிமுள்ளுக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாய். கை இரண்டு நாள் வீங்கியிருந்தது. இன்றைக்கும் ஜெபராணியிடம் அதைச் சொல்வேன்.

பிஸ்டல் பணக்காரன் பொம்மை. அதில் மட்டும் நாம் ஒரே கட்சி.

உன்
சிகாமணி


போடி மலை
26-2-1978

மாப்பிள்ளை,

சண்டை போட மனம் இல்லை. இங்கே நிலைமை சரியில்லை.

ஏலக்காய் பறிக்கும் பெண்களைச் சாயங்காலம் ஸ்டோர் வாசலில் நிறுத்திச் சோதிப்பது வழக்கம். இதுவரை ஒரு கிழவி மடியைத் தட்டிப் பார்த்து அனுப்புவாள். சின்ன முதலாளி வந்த பிறகு ஆண் கங்காணிதான் சோதிக்கிறான். சேலை மடிப்பு, ரவிக்கை, வாய்க்குள் விரல். நாலு காய்க்காக. போன வாரம் முருகம்மாள் அவன் விரலைக் கடித்துவிட்டாள். உடனே வேலை நிறுத்தம். அவள் புருஷன் ஒச்சாண்டி முன்னால் நிற்கிறான். கூலி உயர்வுகூடக் கேட்கவில்லை. பெண்ணைப் பெண் சோதிக்கட்டும் என்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏலே சீனி, சுடச் சொல்லல. அதைத் தூக்கிக்கிட்டு ஸ்டோர் வாசல்ல சும்மா நில்லு, போதும்." நின்றேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றேன். முருகம்மாள் என் முன்னால் வந்து, "என்ன சீனி, பன்னி தீந்துபோச்சா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு கஜத்தில் விரற்கடை தள்ளும் என்று பெருமையாக எழுதினேனே, அவர்கள் நின்றது பத்து கஜத்தில்.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். விட்டால் இந்தத் துப்பாக்கியைத் தொட முடியாது என்றும் நினைக்கிறேன். இப்படி ஒரு நினைப்பு வருவதே கேவலம்.

போலீஸைக் கூப்பிடப் போகிறார்களாம். உங்கள் ஆட்கள் வருவதாக இருந்தால் நீ வராதே. சீக்கு என்று லீவு போடு. சொல்வதைக் கேள்.

சீனி


லோயர் கேம்ப்
16-3-1978

மச்சான்,

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

லீவு கேட்டேன், தரவில்லை. 12ஆம் தேதி நடந்ததை நீயும் பார்த்தாய். கல் வந்தது. வானம் பார்த்துச் சுடு என்றார்கள். சாலையில் நின்று இரண்டு சுட்டேன். கூட்டம் சிதறி ஓடியது. நானும் ஸ்டோருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடினேன். அங்கன ஒச்சாண்டி திரும்பினான். கையில் அரிவாள் என்று நினைத்தேன். கர்த்தர் அறிய அப்படித்தான் நினைத்தேன்.

சாலையிலிருந்து வானத்தை நோக்கிச் சுட்டது மட்டும்தான் என்று ரிப்போர்ட் போய்விட்டது. ஐந்து வாங்கினேன். காலி இரண்டு, நல்லது இரண்டு திருப்பிக் கொடுத்தேன். மீதி ஒன்று ஓடும்போது பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காலி உன்னிடம் இருக்கிறது. தொட்டிப் பக்கம் நீ குனிந்து எடுத்ததைப் பார்த்தேன். உன்னால் எடுக்காமல் இருக்க முடியாது.

குண்டு உடம்பைத் துளைத்து வெளியே போய்விட்டது, கிடைக்கவில்லை. அங்கே இருந்த இன்னொரு ரைபிள் உன்னுடையது. பேச்சு அந்தப் பக்கம் திரும்புகிறது. என் வாயால் நான் சொல்லவில்லை. ஆனால் பயப்படாதே, உன் முதலாளியிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள், உன்னைச் சீக்கிரம் வெளியே எடுத்துவிடுவார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை. ஜெபராணிக்கு ஏழு மாதம்.

கேம்பில் எடுத்துக் கொடுத்தாய். இன்னொரு தடவை எடுத்துக் கொடு. ஞாயிற்றுக்கிழமை கிருபாவதி அக்கா வரும்.

சிகாமணி


போடி
24-3-1978

சிகாமணிக்கு,

கிருபாவதி அக்கா வந்தார். வெறுங்கையோடு அனுப்பினேன். அவருக்கு எதுவும் தெரியாது, திட்டாதே.

துப்பாக்கியை 13ஆம் தேதியே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன், வேலையையும் விட்டுவிட்டேன். ஒப்படைத்த அன்று எவனும் குழாயை மோந்துகூடப் பார்க்கவில்லை. கேம்பில் ஒரு ரவுண்டு முடிந்ததும் நீயும் நானும் முதலில் செய்வது அதுதானே. மோந்திருந்தால் சுட்ட மருந்து வாசம் இல்லை, எண்ணெய் வாசம்தான் அடித்திருக்கும்.

நீ சொன்னது சரி, என்னால் எடுக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மனிதன் கிடக்கிறான், நான் குனிந்து பித்தளையைப் பொறுக்குகிறேன். அது இன்னும் கையைச் சுட்டது. தோட்டாவின் கழுத்தைப் பார்த்தேன், அடியில் அச்சைப் பார்த்தேன், என் .315 இல்லை, போலீஸ் .303 என்று மனம் தானாகச் சொன்னது. அதன் பிறகுதான் ஒச்சாண்டியின் முகத்தைப் பார்த்தேன். இதற்காக என்னை நான் மன்னிக்கப் போவதில்லை, ஆகவே உன்னை மன்னிக்கும் பேச்சே இல்லை.

அவன் கையில் இருந்தது அரிவாள் இல்லை. மடக்கிய குடை. காலையில் தூறல் இருந்ததே.

கேம்பில் அந்தக் காலித் தோட்டாவை அதற்கு உரியவனிடம் கொடுத்தேன். இதையும் உரியவரிடம்தான் கொடுத்தேன். முருகம்மாள் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள்.

"இது வெறும் கூடு. குண்டு போயிருச்சு" என்றேன்.

"போனது எனக்குத் தெரியும்" என்றாள்.

முந்தானையில் முடிந்துகொண்டாள். நேற்று பெரியகுளத்தில் விசாரணை. பஸ்ஸில் வழி முழுக்க அந்த முடிச்சைவிட்டுக் கையை எடுக்கவில்லை. அதிகாரி மேஜையில் அவளே அவிழ்த்து வைத்தாள். எங்கே கிடந்தது என்று கேட்டார்கள். தொட்டிப் பக்கம் என்று நான் சொன்னேன். யார் துப்பாக்கி என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். ஆறு வருஷ சிநேகிதத்துக்கு அந்த ஒரு பொய்.

அடுத்த விசாரணை ஏப்ரல் 5, காலை பத்து மணி. நீயே வந்து சொல். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அன்றைக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவேன். பத்தரை வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜெபராணி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மொ. சீனிச்சாமி