கொலோன் தெருவில் நீங்கள் போர்த்திய பொன்னாடை

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்புள்ள என்று எழுதியது பழக்கதோஷம். அடித்து எழுத மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். மற்றபடி இந்தக் கடிதத்தில் அன்பைத் தேடாதீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஊர் இன்னும் உங்களைத் தங்கமான மனுஷன் என்கிறது. சிங்காநல்லூரில் உங்கள் மோட்டார் பட்டறை வாசலில் உங்கள் படத்துக்குத் தினமும் பூ மாற்றுகிறார்கள். அந்த வழியாகப் போகும்போது நான் வண்டியை நிறுத்துவதில்லை.

வெளியில் தங்கம்தான், இல்லை என்று யார் சொன்னது? வேலையாள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பீர்கள். டீ கொண்டுவரும் பையனைக்கூட ‘வாங்க, உக்காருங்க’ என்பீர்கள். அந்த மரியாதையெல்லாம் ஊராருக்கே தீர்ந்துபோய்விட்டதா அப்பா? பெற்ற பிள்ளைக்கென்று ஒரு கை மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?

அண்ணன் கதிர் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் இன்ஜினீயராகச் சேர்ந்து நம் மூன்று பேருக்கும் டிக்கெட் அனுப்பியது நினைவிருக்கும். நீங்கள் காந்திபுரம் முழுக்கப் போஸ்டர் ஒட்டாத குறைதான். வழியனுப்ப இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து மாலை போட்டார்கள். பெட்டியில் துணிமணியைவிடப் பொன்னாடைகள்தான் அதிகம். அண்ணனின் முதலாளிக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று, யாராவது பெரிய மனுஷன் எதிர்ப்பட்டால் இருக்கட்டும் என்று இன்னும் சில. கோயம்புத்தூரில் மரியாதை என்றால் பொன்னாடைதானே.

கொலோன் போய்ச் சேர்ந்து முதலில் வந்த ஞாயிற்றுக்கிழமை பேராலயம் பார்க்கப் போனோம். கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தும் கோபுரத்தின் உச்சி கண்ணுக்கு அகப்படவில்லை. கட்டி முடிக்கப் பல நூறு வருஷம் ஆனது என்று அண்ணன் சொன்னான். அதைக் கேட்டு, நம் ஊர் மேஸ்திரிகளே தேவலாம் என்று சிரித்தீர்கள். அம்மா உள்ளே மாதா சிலைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, நல்ல மருமகள் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வெளியே வந்தால் தெருவே நிறைந்திருந்தது. மேளம், வானவில் நிறத்தில் கொடிகள், ஜோடனை செய்த லாரிகள், அவற்றின் மேல் ஆடுகிற ஆட்கள். நீங்கள் சின்னப்பிள்ளைபோல வாயைப் பிளந்துகொண்டு நின்றீர்கள்.

“ஏங்கண்ணு, இது இந்தக் கோயில் நோம்பியா?” என்று அண்ணனைக் கேட்டீர்கள்.

அவன் கொஞ்சம் தடுமாறினான். “ஒரு மாதிரி நோம்பிதானுங்கப்பா” என்றான்.

உங்களுக்கு அது போதும். கோயிலை ஒட்டி ஊர்வலம் வந்தால் அது திருவிழா. திருவிழா என்றால் மரியாதை செய்ய வேண்டும். பையிலிருந்து ஒரு பொன்னாடையை உதறி எடுத்தீர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மேளம் அடித்து வந்த ஒரு பெரியவருக்குப் போர்த்திக் கும்பிட்டீர்கள். கண்ணுக்கு மை தீட்டி, கழுத்து நிறையப் பாசிமணி போட்டிருந்த அந்த மனிதர் உங்களைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அண்ணன் அதைப் படம் எடுத்தான். எடுக்கும்போது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவன் அன்றைக்கு எதையும் சொல்வதாகவே இல்லையாம். பின்னாளில் போனில் என்னிடம் சொன்னான். அப்பாவுக்கு எப்படியோ விஷயம் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் இத்தனை பேர் நடுவில் மரியாதை செய்கிறார் என்று அந்த மடையன் நம்பிவிட்டான். ஆற்றங்கரைப் படியில் போய் உட்கார்ந்ததும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்பா, ஆம்பளைய விரும்புற ஆம்பளைங்க, பொம்பளைய விரும்புற பொம்பளைங்க, எங்களையும் மனுசனா மதிங்கன்னு நடக்கிற ஊர்வலமுங்க அது. நானும் அவங்கள்ல ஒருத்தன்தானுங்க. எனக்குப் பொண்ணுப் பாக்க வேண்டாமுங்கப்பா.”

நீங்கள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம், நாலு அறை அறைந்திருக்கலாம். கையை உருவிக்கொண்டீர்கள். முத்தம் வாங்கிய கன்னத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தீர்கள். அவன் முகத்தைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னீர்கள்.

“பொட்டியக் கட்டு புள்ள. நம்ம பையன் செத்துப்போயிட்டான்.”

கோபத்தில் வந்த வார்த்தை என்று நினைத்தேன். ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் உங்கள் மனசு எப்பேர்ப்பட்ட கல் என்று தெரிந்தது. கார் விபத்து என்று கதை கட்டினீர்கள். காரியத்தை அங்கேயே முடித்துவிட்டோம் என்றீர்கள். பவானி கூடுதுறைக்குப் போய், உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கருமாதி செய்தீர்கள். இறந்த நாள் எது என்று ஐயர் கேட்டபோது அந்த ஊர்வல நாளைச் சொன்னீர்கள். துக்கம் கேட்க வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். நிஜமாகவே அழுதீர்கள், அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அழத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு போன் போடத் தெரியாதா?

அம்மாவை என்ன பாடு படுத்தினீர்கள் என்று எப்போதாவது யோசித்தீர்களா? ஆடி அமாவாசைதோறும் அவனுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதத்தை அவள் கையாலேயே ஆக்கி, காக்காய்க்கு இலை போட வைத்தீர்கள்.

“உசுரோட இருக்கறவனுக்குக் காக்காய்க்குச் சோறு வெக்கச் சொல்றீங்களே, இது அடுக்குமாங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நீங்கள் பேப்பரைப் புரட்டினீர்கள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. மொட்டைமாடிச் சுவரில் இலையை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று ஒரு காக்காயையும் அண்டவிடாமல் விரட்டினாள். கீழே நின்ற சொந்தக்காரிகள், பையன் மனசு ஆறாமல் போயிருக்கிறான், சோற்றை ஏற்கமாட்டேன் என்கிறான் என்று மூக்கைச் சிந்தினார்கள். உங்களுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் மறுவருஷம் இலை வாங்கி வந்தீர்கள்.

நீங்கள் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். உடனே கிளம்பி வா என்றேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“செத்தவன் எப்படி அம்மணி கொள்ளி வெக்க வர்றது?” என்றான்.

சித்தப்பா மகன் வைத்தான். ஊர் அதற்கும் உங்களைத்தான் பாவம் என்றது. பெற்ற பிள்ளை கொள்ளி வைக்கக் கொடுத்துவைக்கவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தை உங்கள் பிணத்தின் முன்னால் நின்றுதான் விழுங்க வேண்டியிருந்தது.

இப்போதைய சேதி சொல்கிறேன், கேளுங்கள். போன வெள்ளிக்கிழமை அம்மா, மாலை போட்டு மாட்டியிருந்த அண்ணன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். கண்ணாடியில் வைத்திருந்த பொட்டை முந்தானையால் துடைத்தாள். பிறகு சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாகப் போய், எம்பையன் உசுரோட இருக்கறானுங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் மென்று விழுங்காமல் சொன்னாள். அந்தப் பயந்த பொம்பளைக்கு இவ்வளவு தைரியம் உண்டென்று நீங்கள் அறிந்ததேயில்லை.

ஆவணியில் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் வருகிறான். இது தெரிந்ததும் சித்தப்பா, தான் வரப்போவதில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். பந்தியில் ஓர் இலை குறையும், அவ்வளவுதான்.

ஆனால் நேற்றுப் போனில் அண்ணன் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“காதுகுத்துக்கு முந்தி கூடுதுறைக்குப் போகோணும் அம்மணி. அப்பாவுக்கு நான் இன்னும் ஒண்ணுமே செய்யலையே.”

அந்த மனுஷனுக்கா, உனக்கு வெட்கமில்லையா என்று பூத்தே அதிரக் கத்தினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன். செய்யட்டும் விடு என்றாள். இவர்கள் இருவருக்கும் மனசு எதனால் செய்தது என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் மகள் என்பதால் எனக்கு உங்கள் மனசுதான் வாய்த்திருக்கிறது. நான் உங்களை மன்னிக்கவில்லை.

ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அவனைக் கூடுதுறைக்கு நானே கூட்டிப்போவேன். நீங்கள் நின்ற படித்துறையிலேயே அவனை நிறுத்துவேன். காரியம் செய்யும் கர்த்தா யார் என்று ஐயர் கேட்டால், செத்தவரின் ஒரே மகன் என்று நாலு படிக்குக் கேட்கிறாற்போல் சொல்வேன். எள்ளும் தண்ணீரும் அவன் கையிலிருந்துதான் உங்களுக்கு விழும். வேறு கை கிடையாது. தாகமாக இருந்தால் குடியுங்கள்.

இப்படிக்கு,
கதிரின் தங்கை
கலாமணி