கேட்காமல் காப்பாற்றுகிறவர்கள்

இன்று காலை ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் தன் போனில் ஏதோ ஒரு நகரம் எரிவதைக் காட்டினார். "அந்த ஜனங்கள காப்பாத்தத்தான் சார் குண்டு போட்டுகினு கீறாங்க" என்றார். ஒரு காலத்தில் நான் மேடையேறிச் சொன்னதும் அதுதான்.

நீங்களும் நானும் ஒரே கம்பெனியில் தரப் பரிசோதனை இன்ஜினியர்களாக இருந்தோம். இதே பஸ்ஸில்தான் ஒருநாள் உங்கள் கதையைச் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்தில் நீங்கள் சிறுமியாக இருந்தபோது, அமைதி காக்க வந்த படைக்குத் தெருவே திரண்டு மாலை போட்டது. அப்புறம் அந்தப் படைக்கும் போராளிகளுக்கும் சண்டை மூண்டு, முற்றத்தில் ஷெல் விழுந்து உங்கள் அப்பா இறந்தார். பின்னாளில் உங்கள் அண்ணனைப் போராளிகள் இழுத்துப் போனார்கள், அவர் திரும்பவில்லை. எங்களோடு எங்கள் பேச்சையே பேசுகிற நீங்கள், அன்று மட்டும் வீட்டுப் பேச்சுக்குப் போனீர்கள். "காப்பாத்த வந்தவையும் எங்களைக் கேக்கேல்லை. எங்களுக்காகச் சண்டை பிடிச்சவையும் கேக்கேல்லை."

இவ்வளவும் தெரிந்துதான் தண்டலம் கூட்டத்தில் அப்படிப் பேசினேன். சுதந்திரம், மனித உரிமை என்று நாங்கள் சிலர் கூடிப் பேசுகிற வட்டம் அது. நான்தான் உங்களை அழைத்துப் போயிருந்தேன். சர்வாதிகாரியிடம் சிக்கிய மக்களை மீட்க ஜனநாயக நாடுகள் படையெடுப்பது குற்றமல்ல, கடமை என்றேன். நீங்கள் எழுந்து, "அந்த ஜனங்கள யாராவது கேட்டீங்களா?" என்றீர்கள்.

"இப்படிக் கேக்குறவங்கதான் கடைசியில துப்பாக்கி தூக்குனவனுக்குத் துணை போறாங்க. உங்க ஆளுங்க கதை எங்களுக்குத் தெரியாதா?" என்றேன். கைதட்டினார்கள். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தீர்கள்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அந்தப் பேச்சுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியாததல்ல. அது உங்கள் வாடகை வீட்டு ஓனர் காதுக்குப் போய்விட்டது. "போலீஸ் கீலீஸ்னு வந்தா நான் இன்னாம்மா பண்றது? வேற வூடு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். அதை என்னிடம் சொன்னபோதுகூட நீங்கள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் அவரிடம் பேசுவதாகச் சொன்னேன். பேசவில்லை. நம் பக்கம் உங்களுக்கு யாரும் வீடு தரவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு, முன்பு இருந்த அகதிகள் முகாமுக்கே திரும்பிப் போனீர்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்தீர்கள். அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்த நீங்கள் எழவே இல்லை.

துக்கம் கேட்க முகாமுக்குப் போனேன். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைப் பற்றி என்ர பிள்ளை ஒரு நாளும் குறையாச் சொன்னதில்லை, தம்பி. நல்ல மனுசன் எண்டுதான் சொல்லுவா."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். "சாப்பிட்டீங்களா அம்மா?" என்றுதான் வந்தது. பொங்கலுக்கு இன்னமும் அவரைப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொரு முறையும் அந்த நல்ல பெயரை மறுக்காமல் வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறேன்.