வலைக்கொட்டகையில் ரத்தம்

1934, ஆடி. வியாழக்கிழமை. பள்ளிபாளையம்.

பாட்டன் காலத்திலிருந்து ஆற்றங்கரையில் நிற்கும் எங்கள் வலைக்கொட்டகையை இடித்து, சாயப்பட்டறைக்காரனுக்கு இடத்தைக் கொடுக்கச் சித்தப்பா இன்று கடப்பாரையோடு வந்துவிட்டார். முதல் ஓடு உடைந்ததும் அப்பா பரிசல் துடுப்பால் அவர் மண்டையில் அடித்தார். விழுந்தவரை மறுபடியும் அடித்தார். நான்தான் துடுப்பைப் பிடித்து நிறுத்தினேன்.

தரையெல்லாம் ரத்தம். சித்தப்பா அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "மனுச ரத்தம் உழுந்த கொட்டாயில வலை தொங்கக் கூடாதுங்கண்ணா. இனி நம்ம ஆளுகளே பிரிச்சுப் போடுவாங்க. எனக்கென்னத்துக்குங்க கடப்பாரை?" சொல்லிவிட்டு மயங்கிப்போனார்.

சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவருவது தெரிந்தது. கூடையில் கிடந்த வாளை மீனை இழுத்து, அந்த இடத்திலேயே போட்டு அறுத்தேன். அது உயிரோடு துடித்தது. இரண்டு ரத்தமும் ஒன்றாய்ப் பரவின.

"மீன் ரத்தமுங்க. சித்தப்பா வழுக்கி உழுந்துட்டாருங்க" என்றேன். நம்பினார்கள்.

பொழுது சாயும்போது வீட்டில் சித்தப்பா கண் விழித்தார். "கெட்டிக்காரி கண்ணு நீ. விடியட்டும், யாரு ரத்தமுன்னு ஊரைக் கூட்டிச் சொல்றேன்."

அடுத்த அறையில் முனகுகிறார். விடிய இன்னும் நேரமிருக்கிறது. கத்தியைக் கழுவிவிட்டேன். அடுப்படியில் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை.