நோன்பு மாத அட்டெண்டன்ஸ்

ஏப்ரல் 6, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் பிரயோஜனமில்லை, கம்பி சுட்டது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் போய்ச் சேர்வதற்குள் துப்பட்டா தொப்பல்.

டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டில் ஒரே கூட்டம். எம்.எஸ்சி. கணிதம், கடைசி செமஸ்டர், வருகை குறைந்தவர்கள். கவிதா பெயர் மேலே. என் பெயர் அதற்கும் கீழே, கோடு போட்டுத் தனியாக. கவிதாவுக்குப் பரவாயில்லை, ஃபைன் கட்டினால் தீர்ந்தது. அரியலூர் பஸ். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து முதல் பீரியடைத் தினமும் கோட்டை விட்டவள். எனக்கு ஃபைன் கட்டினாலும் ஆகாதாம். பரீட்சை எழுத முடியாது. ஜூனியர்களோடு உட்கார்ந்து இதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். அதற்குப் பெயர் ரீ-டூ.

ஹெச்.ஓ.டி. மேடத்திடம் ஓடினேன்.

"லீவு லெட்டர் குடுத்தேனே மேடம்."

"குடுத்த. நானும் கையெழுத்துப் போட்டேன். அதுக்காக நீ கிளாசுக்கு வந்ததா ஆயிடுமா? கேட்டுட்டு எடுத்தாலும் லீவு லீவுதாம்மா."

பேந்தப் பேந்த முழித்தேன். கணக்குப் படிக்கிறவள், வெட்கக்கேடு! கையெழுத்து வாங்கிவிட்டால் அந்த நாள்களைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன்.

நோன்பு மாதம் முழுக்கக் கேட்ட அந்த லெட்டரில் காரணம் உள்ளபடி எழுதினேன்: கணவர் விடுமுறையில் ஊருக்கு வந்திருப்பதால். அன்றைக்கே மேடம் சிரித்தார். "அவருக்கு லீவுன்னா உனக்கு எதுக்கும்மா லீவு?"

எங்கள் ஊரில் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். ஷார்ஜாவிலிருந்தோ சவூதியிலிருந்தோ புருஷன் வந்து இறங்கினால் தையல்காரி மெஷினை மூடிவிடுவாள். பள்ளிக்கூட டீச்சருக்குத் திடீரென்று காய்ச்சல் வரும். மாமியாரே சொன்னார்: "அவன் வூட்ல இருக்கையில நீ பஸ் ஏறிப் போனா ஊரு சிரிக்கும்."

ஏப்ரல் 7, செவ்வாய்

காலேஜ் போகவில்லை. போய் மட்டும் என்ன.

வாங்க வேண்டியது: மாமிக்குச் சுகர் மாத்திரை, சோம்பு, துணிக்குச் சோப்பு.
சொல்ல வேண்டியது: மச்சானிடம்.

மாத்திரை வாங்கியாகிவிட்டது. சோம்பு மறந்துவிட்டேன். மச்சானிடம் சொல்லத் தைரியம் இல்லை.

படிப்பு முடிந்ததும் ஜூனில் தன்னோடு ஷார்ஜாவுக்குக் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். "பரீட்சையை முடிச்சுட்டு ஏறிடு புள்ள. விசாவ நான் பாத்துக்கறேன்." இதை ஒரு வருடம் தள்ளினால் நான் என்ன ஆவேன்? கல்யாணமாகி மூன்று வருடம். சேர்ந்து இருந்தது இரண்டே லீவு.

நோன்பு முழுக்க இங்கே இருந்தார். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு என்னை எழுப்பாமல் அவரே சோறு சூடாக்குவார். அங்கே ரூமில் பழகியதாம். சாயங்காலம் நான் கஞ்சி கிண்டுவேன், பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவார். ஒருநாள் டோபாலஜி பாடத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "ஒரு மண்ணும் புரியல. ஆனா நீ சொல்லிக்கிட்டே இரு" என்றார். பெருநாள் அன்று வெள்ளாற்றுப் பாலத்தில் பைக்கை நிறுத்தி ரொம்ப நேரம் நின்றோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 8, புதன்

கவிதா போன். "மஞ்சக்காமாலைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்குடி. வேப்பந்தட்டையில எங்க மாமாவுக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு."

மேடத்திடம் போனில் கேட்டேன், இவ்வளவு குறைந்த பிறகு அதுவும் செல்லாதாம். செல்லாதது நல்லதுதான். என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக இருந்தது அந்த ஒரு மாதம். அதைப் போய்க் காமாலை என்று எழுதுவதா?

மாமி: "ஏம்மா மொகம் இப்படி வத்திப் போச்சு? மவன் நெனப்பா?" ஆமாம் என்றேன். அதுவும் உண்மைதான்.

ஏப்ரல் 9, வியாழன்

காலேஜ் ஆபீஸில் கிளார்க் செல்வம் சார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"ரெண்டே வழிம்மா. ரீ-டூவுக்கு நாளைக்குள்ள பேரு பதிஞ்சுடு. வர்ற ஜனவரியில ஜூனியர்ஸோட வந்து உக்காரலாம். இல்ல, விலகிக்கறேன்னு லெட்டர் குடுத்துட்டு டி.சி. வாங்கிக்க. ஆனா டி.சி. குடுத்துட்டா அத்தோட சரி. அப்பறம் வந்து அழக் கூடாது."

எங்கள் குடும்பத்தில் எம்.எஸ்சி. வரை வந்தவள் நான் ஒருத்திதான். விரும்பித்தான் படித்தேன். ஒரு நிரூபணம் சரியாக வந்து உட்காரும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது. அவ்வளவும் இருக்கட்டும். எனக்கு மச்சான் வேண்டும். பக்கத்தில் வேண்டும். போனில் வேண்டாம்.

வராண்டாவில் உட்கார்ந்து விலகல் கடிதம் எழுதிவிட்டேன். செல்வம் சார் வாங்கிப் பார்த்தார். "வூட்டுக்காரர் சம்மதம் வேணுமே. வெளிநாடா? மெயில்ல ரெண்டு வரி போடச் சொல்லு."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். ஜூன் வரை எதற்கு, டிக்கெட் கிடைத்தால் மே மாதமே கிளம்பலாம். இஞ்சி, பருப்புப் பொடி, அவருக்குப் பிடித்த கருவாடு. கருவாடு விடுவார்களா? கேட்க வேண்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஜும்மா முடிந்து கூப்பிட்டார். காலேஜ் வாசல் வேப்ப மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். பரீட்சை போனது, கடிதம் எழுதியது, நான் வருவது.

அவ்வளவுக்கும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"டி.சி. வாங்கிட்டியா?"

"இல்ல மச்சான், நீங்க மெயில் அனுப்பினாத்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்பாடா என்று அவர் மூச்சு விட்டது இங்கே கேட்டது. "ரீ-டூவே போடு புள்ள. ஒரு வருஷம்தானே."

"ஒரு வருஷம்தானேவா?"

அப்புறம் மெல்லச் சொன்னார். கம்பெனியில் ஃபேமிலி விசாவுக்குக் கை விரித்துவிட்டார்கள். அவருடைய வேலைக்கு அது கிடையாதாம்.

"எப்ப சொன்னாங்க?"

"விடு."

"எப்பன்னு கேக்கறேன்ல?"

"நோன்புக்கு நான் ஊருக்குக் கெளம்புறதுக்கு முன்னாடியே."

வெங்காயம் நறுக்கியபோதும் தெரியும். பாலத்தில் நின்றபோதும் தெரியும்.

"சொல்லியிருந்தா நோன்பு பூரா அழுதுக்கிட்டே இருந்திருப்ப. இருக்குற நாளையும் கெடுக்கணுமா புள்ள?"

கோபம் வந்தது. கத்தினேன், செக்யூரிட்டி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. பாவி மனுஷன், அந்தப் பக்கம் அவர் அழுதார். கோபத்தைத் தொடர முடியவில்லை.

கடிதத்தைத் திருப்பி வாங்கினேன். ரீ-டூவுக்குப் பதிந்தாகிவிட்டது. "இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா வாம்மா. மறுபடி கொறஞ்சா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, மேடத்தாலயும் முடியாது" என்றார் செல்வம் சார். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. தலையாட்டினேன்.

சாயங்காலம் மறுபடி அவரே கூப்பிட்டார்.

"அடுத்த லீவு எப்ப மச்சான்?"

"இன்ஷா அல்லாஹ், நோன்புக்கு. அப்பத்தான் விடுவாங்க."

அடுத்த நோன்பு பிப்ரவரியில். அதே செமஸ்டர், அதே பாடங்கள்.

"வரட்டா?" என்று கேட்டார்.

வாங்க என்று சொல்லிவிட்டேன்.