நாலு போல்ட்டு வைத்த மேடை

கார்த்திகை, சனிக்கிழமை இரவு.

இரும்பைச் செதுக்குகிற மில்லிங் மெஷின் வாங்கப் போய், வெறுங்கையோடு மலை ஏறி வந்தாச்சு. ஓசூர் கம்பெனியில் மில்லிங் ஓட்டும் மகள் செல்வியை வூட்டோடு வைத்துக்கொள்ள நான் போட்ட திட்டம் இது. மேஜை மேல் வைக்கிற சின்ன மெஷின் இருந்தால், சுற்றுப்பட்டு சாமை மில்லுகளுக்கு உதிரிபாகம் செய்து இங்கேயே பிழைக்கலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

வேலூர் கடையில் அந்த மெஷின் அலுமினியத்தை வெள்ளரிக்காய் மாதிரி சீவியது. செல்வி இரும்பை மாட்டச் சொன்னாள். வெட்டின இடம் அலை அலையாக வந்தது.

"இன்னாப்பா இது, குளிர்ஜுரம் வந்தாப்ல ஆடுது."

பெரியதைக் காட்டினேன். "அதுக்கு மூணு பேஸ் கரண்டு வேணுங்க. உங்க ஊர்ல கரண்டு எப்படி?" என்றார் கடைக்காரர்.

"சாயங்காலமானா டியூப்லைட்டே எரியாதுங்க" என்று செல்வியே சொல்லிவிட்டாள்.

என் அவசரம் என்னவென்றால், விளம்பரத்தில் சின்ன மெஷினின் அளவைப் பார்த்து முன்கூட்டியே சிமெண்டு மேடை கட்டி, நாலு போல்ட்டு புதைத்து, ஆயுத பூஜைக்குப் பொட்டும் வைத்துவிட்டேன். வராத மெஷினுக்குப் பூஜை போட்ட ஆள் இந்த மலையில் நான் ஒருத்தன்தான்.

"கிரைண்டரையாச்சும் வெச்சிக்கட்டுமா?" என்றாள் மனைவி. நான் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை.

ஓசூருக்கு எப்போது கிளம்புகிறாய் என்று நான் கேட்கவில்லை. கம்பெனிச் சட்டையைத் துவைத்து, அந்த மேடை மேல் விரித்து, பறக்காமல் போல்ட்டில் மாட்டியிருக்கிறாள்.

இந்தப் பனிக்குக் காலைக்குள் அது காயாது. காயவே கூடாது.